விளம்பரத்தில் விடுபட்ட ஓணான்

டன்ரோஸ்,
ஜனவரி 17, வெள்ளிக்கிழமை

'டன்ரோஸ் வாரச் செய்தி' ஆசிரியர், மதிப்பிற்குரிய திருமதி ஐலீன் ஃப்ரீசன் அவர்களுக்கு,

வெய்ன் கோவல்சுக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் லவர்னும் இங்கே நலம். தங்கள் இடுப்பு வலி தணிந்திருக்கும் என்றும், இந்த மைனஸ் முப்பத்தாறிலும் தங்கள் வீட்டு ஹீட்டர் முரண்டு பிடிக்காமல் ஓடுகிறது என்றும் நம்புகிறேன். பள்ளியில் எனக்கு முன் பெஞ்சில் இருந்துகொண்டு என் கட்டுரைகளைத் திருத்தியவர் தாங்கள். பத்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதால் அதற்குமேல் என்னைத் திருத்த யாருக்கும் வாய்க்கவில்லை. ஆகவே இதிலும் பிழை இருந்தால் சரி செய்துகொள்ளவும்.

நேற்று மளிகைக் கடையில் கீரை அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள் அருகில் வந்தார், என் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "அட, நெஜமாவே கீரைதான்!" என்றார். அப்புறம் என் தாடியைப் பார்த்தார். அப்புறம், ஐலீன், ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கிறவர் மாதிரி அதை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். "வெந்நீர்க் குளியலும் நெஜந்தானா?" எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வராததைக் கவனித்துவிட்டு, "பேச்சு கிடையாதுன்னு போட்டிருந்துச்சு, அதுவும் சரியாத்தான் இருக்கு" என்று மிகுந்த திருப்தியோடு நகர்ந்துவிட்டார். கல்லாவில் இருந்த பெண் சிரிப்பை அடக்க ரசீதுச் சுருளைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

இதற்குக் காரணம் புதன்கிழமை வந்த தங்கள் பத்திரிகை. நியாயமாகச் சொன்னால், காரணம் நான். தங்கள் இலவச விளம்பரத் தாளில் இருபது கட்டங்கள் இருக்கின்றன, கட்டத்துக்கு ஒரு சொல். நான் எழுதியதில் இருபத்தொன்று வந்துவிட்டது. எதை எடுப்பது என்று பனி தள்ளும் வண்டிக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்தேன். 'உடனே' என்பதை எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவு அவசரத்தில் இருந்தேன். 'இலவசம்' என்பதை எடுத்தால் யாரும் வரமாட்டார்கள். கடைசியில், அதுதான் எல்லாருக்கும் தெரியுமே என்று 'ஓணான்' என்ற சொல்லை அடித்தேன். என் மகள் ஜொலீன் வளர்த்த தாடி ஓணானை இந்த ஊரில் அறியாதவர் யார் என்பது என் எண்ணம். ஊரில் பாதிப் பேர் அறியாதவர்கள் என்று இப்போது தெரிகிறது. அச்சில் வந்தது இது:

'வளர்ந்த ஆண். தாடி உண்டு. சாது. கீரை பிடிக்கும். வெந்நீர்க் குளியல் பிடிக்கும். பேச்சு கிடையாது. நல்ல வீடு தேவை. இலவசம். உடனே அழைக்கவும். வெய்ன்.' பக்கத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்.

இதைச் செல்லப் பிராணிகள் பகுதியில் போடாமல் 'துணை தேடுவோர்' பகுதியில் போட்டதற்காக நான் தங்களைக் குறை சொல்லவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தபோது, இப்படி ஓர் ஆள் கிடைத்தால் தேவலையே என்று எனக்கே தோன்றியது.

அழைப்புகளை எடுத்தது லவர்ன். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. முதலில் அழைத்தவர் நம் தேவாலயப் பெண்கள் சங்கத்துச் செயலாளர். கவலையோடு அழைத்திருக்கிறார். "லவர்ன், உங்க வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு? வெய்ன் எங்கே?" "குளியலறையில. பிஷப்பைக் குளிப்பாட்டிட்டு இருக்காரு." பிஷப் என்பது ஓணானின் பெயர். தாடியைப் பார்த்துவிட்டு ஜொலீன் பதினேழு வயதில் வைத்தது. இந்த விவரத்தைச் சொல்ல லவர்னுக்கு நேரம் இருந்தது, சொல்லவில்லை. செயலாளர் போனை மிக மெதுவாக வைத்தாராம். இரண்டாவது, பக்கத்து ஊரிலிருந்து ஓபல் என்ற விதவை. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு லவர்ன் பேசியதை, கையில் ஓணானும் தோளில் துண்டுமாக நின்று நானே கேட்டேன்.

"கொறட்டை உண்டா?"

"மூச்சு விடற சத்தம்கூடக் கேக்காதுங்க. கல்லு மேல வாயைத் தொறந்துட்டுப் படுத்திருப்பான்."

"பரவால்ல. சாப்பாடு?"

"தினம் கீரை. வாரத்துக்கு ரெண்டு தடவை புழு போடணும். உசுரோட."

அப்புறம் அந்த அம்மாள் சொன்னது: "செத்துப்போன எம் புருஷனுக்கு வாத்து ரத்தத்துல சூப்பு வச்சுக் குடுத்தவ நான். புழு என்ன பெரிய விஷயம். வேற?"

"அப்பப்போ தோல் உரியும்."

"இந்தக் குளிர்ல யாருக்கும்மா உரியல? மனுசன் எப்படி, அதைச் சொல்லு."

அதற்குமேல் லவர்னால் பேச முடியாமல் போனை என் காதில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான்தான் விளக்கினேன். ஓபல் அம்மாள் ஏமாற்றத்தோடு, "ஓணானா? அப்ப நீ யாரு?" என்றார். "அதைக் குளிப்பாட்டுறவன்" என்றேன். "உனக்குத் தாடி உண்டா?" என்றார். வைத்துவிட்டேன்.

பொதுமக்கள் தெளிவடைய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பிஷப் என்பது மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒன்றரை அடி நீளமுள்ள, மணல் நிறத்து, ஆறு வயது ஓணான். கோபம் வந்தால் தொண்டையை உப்பித் தாடியைக் கறுப்பாக்கிக்கொள்ளும். செப்டம்பரில் ஜொலீனுக்கு வடக்கே, விமானம் தவிர வேறு எதுவும் போகாத ஓர் ஊரில் நர்ஸ் வேலை கிடைத்தது. விடுதியில் பிராணிகள் கூடாது. ஆகவே கண்ணாடித் தொட்டி, இரண்டு விளக்கு, நான்கு பக்க உத்தரவு ஆகியவற்றோடு அது எங்கள் முன் அறைக்கு வந்தது. அந்த நான்கு பக்கத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அத்தனை தடவை படித்ததில்லை. படுக்கும் கல்லின் மேல் நாற்பது டிகிரி இருக்க வேண்டும். வெளியே மைனஸ் முப்பத்தாறு. ஆக, எழுபத்தாறு டிகிரி வித்தியாசத்தை நான் என் கையால் கட்டிக் காக்க வேண்டும். வீட்டிலேயே சூடான இடம் அதனுடையது. லவர்ன் தன் கையுறைகளைத் தொட்டி மேல்தான் காயவைக்கிறாள். புற ஊதா விளக்கை, எரிந்துகொண்டிருந்தாலும், வருடம் ஒரு முறை மாற்ற வேண்டுமாம். எரிகிற விளக்கை எதற்கு மாற்றுவது என்று ஜொலீனிடம் கேட்டதற்கு, "அப்பா, வெளிச்சம் வரும், ஆனா சத்து வராது" என்றாள். எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். குட்டியாக இருக்கும்போது பூச்சியாகத் தின்னுமாம், வளர்ந்தபின் கீரைதான் பிரதானமாம். என் டாக்டரும் போன வருடம் என்னிடம் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். லவர்ன் இப்போது கடுகுக் கீரையை ஒரே பலகையில் நறுக்கி, இரண்டு தட்டில் வைக்கிறாள். பொடியாக நறுக்கியது பிஷப்புக்கு. அவன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பூசணித் துருவல் போட்டுக் கெஞ்சுவாள். நான் திருப்பிக்கொண்டால், "யோவ், அவனைப் பார்த்துக் கத்துக்கோ" என்பாள். அக்டோபரில் சில்வண்டுப் பெட்டியின் மூடி கழன்று, நாற்பது சில்வண்டுகள் ஹீட்டர் குழாய்க்குள் போய்க் குடியேறிவிட்டன. நவம்பர் முடியும்வரை எங்கள் வீட்டில், எந்த அறையில் நின்றாலும், கோடை இரவு போல ஆகஸ்ட் மாதச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் புழுவுக்கு மாறினோம். இந்த ஊரில் எந்த வீட்டில்தான் ஐஸ்கிரீம் வாளியில் ஐஸ்கிரீம் இருக்கிறது? ஒன்றில் கோஸ் சுருள், ஒன்றில் ஆணி, ஒன்றில் பட்டன், இப்படித்தானே எல்லாரும் வைக்கிறோம். நான் புழுவை வைத்தேன். அந்த வாளியைக் கிறிஸ்துமஸ் அன்று பெரோகிக் கொழுக்கட்டைக்குப் புளித்த கிரீம் என்று நினைத்து லவர்னின் அண்ணன் திறந்தார். நல்லவேளையாக அவருக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. கரண்டி உள்ளே போனபின்தான் போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் நான் பட்ட அவமானத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் பக்கத்துச் சாலைகளில் எதிரே யார் வந்தாலும் கையைத் தூக்குவது நம் வழக்கம். இருபத்தாறு வருடமாக மாவட்டச் சாலையில் பனி தள்ளுகிறேன், எத்தனை ஆயிரம் பேருக்குக் கை தூக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எனவே முதல் வாரம் நான் தொட்டியருகே போனபோது, பிஷப் தன் முன்னங்கை ஒன்றைத் தூக்கி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டு இறக்கியதும் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. நம் ஊர்க்காரன்! நானும் கையைத் தூக்கினேன். தூக்கிவிட்டு, சாலையில் செய்வது போலவே, தலையையும் நன்றாக நாலைந்து தடவை ஆட்டினேன். அவன் மறுபடி கையைத் தூக்கினான். நான் மறுபடி தலையை ஆட்டினேன். காலையில் வேலைக்குப் போகும்முன் ஐந்து நிமிடம், வந்தபின் பத்து நிமிடம். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். தபால்காரரும் ஆட்டிவிட்டுப் போனார்.

இந்த மாதத் தொடக்கத்தில் பரிசோதனைக்காக அவனைக் கோட்டுக்குள், வயிற்றோடு அணைத்து, இரண்டு மணி நேரம் ஓட்டி சஸ்கட்டூன் நகரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் பென்னர் என்கிற பிராணி வைத்தியப் பெண்மணி அவனைத் தராசில் வைத்தார், தாடையை அமுக்கிப் பார்த்தார், வயிற்றைத் தடவினார். "இவனுக்கு யாரு புழு போடறது?" நான் கூரையைப் பார்த்தேன். லவர்னும் கூரையைப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, நான் வேலைக்குப் போனபின் அவளும், அவள் தூங்கியபின் நானும், ஆளுக்குத் தனித்தனியாக ரகசியமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். "இது செல்லமில்ல, கொலை" என்றார் டாக்டர். பேச்சை மாற்றலாம் என்று, அவன் எனக்குக் கை தூக்குவதையும், நான் தலையாட்டுவதையும் பெருமையாகச் சொன்னேன். செய்தும் காட்டினேன். மேஜை மேல் இருந்த பிஷப் உடனே கையைத் தூக்கினான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க. தலையை ஆட்டாதீங்க. வெய்ன், ஓணான் பாஷையில தலையை ஆட்டுனா, 'இங்க நாந்தான் ராஜா, வர்றியா மோதிப் பாக்கலாம்'னு அர்த்தம்."

"அப்ப அவன் கை தூக்கறது?"

"'நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணிராதீங்க சாமி.' வளர்ந்த ஆண் இப்படிச் செய்யறது அபூர்வம். யாரோ ரொம்ப நாளா மெரட்டியிருக்கணும்."

நாலு மாதம், ஐலீன். தினமும் இரண்டு வேளை. திரும்பி வரும் வழியில் எதிரே வந்த வண்டிக்குக் கைகூடத் தூக்கவில்லை. லவர்ன்தான் எண்பது மைல் கழித்து வாயைத் திறந்தாள். "முப்பத்தொரு வருஷமா எங்கிட்டயும் நீ தலையைத்தான் ஆட்டிட்டு இருக்க. எனக்குத்தான் இப்படி அர்த்தம் சொல்ல ஒரு டாக்டர் கிடைக்கல."

தாங்கள் நினைக்கலாம், இவ்வளவுதானா, இதற்காகவா ஒருவன் ஓணானை விளம்பரத்தில் போடுவான் என்று. இதையும் கேளுங்கள். ஜொலீன் தினமும் மாலை ஆறரைக்கு வீடியோவில் அழைக்கிறாள். "அப்பா" என்பாள். "சொல்லும்மா" என்பேன். "அவனைக் காட்டுங்க" என்பாள். போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தபடி நான் இருபது நிமிடம் நிற்க வேண்டும். சாப்பிட்டானா, போனானா, என்ன நிறத்தில் போனான், எல்லாம் கேட்பாள். அந்த இருபது நிமிடத்தில் நடுநடுவே, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது, தனக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை என்பது, ஜன்னலில் நரி வந்தது, எல்லாம் அவனிடம் சொல்வாள். நான் கை வலியோடு பின்னால் நின்று கேட்டுக்கொள்வேன். என் தோள்பட்டைக்கும் வயதாகிவிட்டது.

போன ஞாயிறு அவள் வேறு மாதிரி அழைத்தாள். வேலையை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்களாம். "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். அவனுக்கு நல்ல வீடா ஒண்ணு பாத்துருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"சரி" என்றேன்.

"இனிமே தினமும் உங்களை நிக்க வைக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை மட்டும் கூப்பிடறேன். போதும்ல?"

"போதும், போதும்" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

அவ்வளவுதான். மறுநாள் காலை தங்கள் அலுவலகம் திறக்கும்முன் வாசலில் நின்றது நான்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், வந்த பதினாலு அழைப்பில் ஒன்று உருப்படியானது. அறுபது கிலோமீட்டர் வடக்கே இருக்கிற தோர்சன் தம்பதி. கீரை, வெந்நீர் என்றதுமே அது ஓணான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஏற்கனவே இரண்டு வளர்க்கிறார்களாம். எங்கள் தொட்டியைவிட இரண்டு மடங்கு பெரிய தொட்டி காலியாக இருக்கிறதாம். தோர்சன் அம்மாளை நான் முக்கால் மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தேன். விளக்கு மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். புழுவை எண்ணிப் போடுகிறார். தலையாட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், தெரிந்து வைத்திருக்கிறார். ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை மதியம் கூண்டோடு வருகிறார்கள்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. ஒன்று, வரும் புதன்கிழமை இதழில், மேற்படி விளம்பரத்தில் 'ஓணான்' என்ற சொல் விடுபட்டுவிட்டது என்றும், வெய்ன் கோவல்சுக் மனைவியோடு சுகமாக வாழ்கிறார் என்றும், தடித்த எழுத்தில் ஒரு திருத்தம் போட வேண்டும். இரண்டு, ஓணான் தக்க இடத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, இனி யாரும் அழைக்க வேண்டாம் என்று அதன் கீழேயே சேர்க்க வேண்டும். அதன்பின் என் முன் அறை எனக்குக் கிடைக்கும். தொட்டி இருந்த இடத்தில் என் சாய்வு நாற்காலியைத் திரும்பப் போடப்போகிறேன். குளிர்பெட்டியில் ஐஸ்கிரீம் வாளியைத் திறக்கும்போது யாருக்கும் நெஞ்சு படபடக்காது. ஆறரை மணிக்கு உட்கார்ந்து ஹாக்கி பார்ப்பேன். இந்த நாலரை மாதத் தண்டனை போதும், ஐலீன்.

தங்கள் இடுப்புக்கும், ஹீட்டருக்கும், பத்திரிகைக்கும் நீண்ட ஆயுளை வேண்டுகிறேன். தங்கள் வீட்டுப் பாதையில் பனியை இந்த வாரமும் நானே தள்ளிவிடுகிறேன், தங்கள் கணவரை மண்வெட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லவும். லவர்ன் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பிஷப் இருந்தால் கை தூக்குவான், அதற்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்கு இப்போது தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் பின் பெஞ்சு
வெய்ன் கோவல்சுக்

பின்குறிப்பு: இது சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழுதுவது. தபால் திங்கட்கிழமைதான் போகும் என்பதால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேலே கேட்ட இரண்டு திருத்தத்தையும் போட வேண்டாம். இரண்டாவதைப் போட்டால் தோர்சன் தம்பதியும் படிப்பார்கள், ஓணான் யாரிடம் போயிற்று என்று கேட்பார்கள்; முதலாவதை மட்டும் போட்டால் வேறு யாராவது ஓணானைக் கேட்டு வருவார்கள். ஊரார் என்னைத் துணை தேடுபவன் என்றே நினைத்துக்கொள்ளட்டும், தாடியை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன். நடந்தது இதுதான். காலை பத்து மணிக்குத் தோர்சன் அழைத்தார். "வெய்ன், பனி தள்ளறவரு நீங்கதானே, ரோடு எப்படி இருக்கு? நாங்க கெளம்பலாமா?" என்றார். நான் சொன்னேன்: "கெளம்பாதீங்க. வண்டி அச்சு மட்டத்துக்குப் பனி கெடக்கு. இந்த வாரம் தொறக்காது. அடுத்த வாரமும் சந்தேகம். ஏப்ரல்ல பாக்கலாம்." நல்ல மனிதர், நன்றிகூடச் சொன்னார். லவர்ன் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், கீரையை இரண்டு தட்டில் வைத்தாள். ஆறரைக்குப் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, இருந்தும் அடித்தது. "அப்பா, கொண்டு போயிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். குரல் சரியில்லை. "ரோடு மூடியிருக்கும்மா, யாரும் வர முடியல" என்று சொல்லிவிட்டு, போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். அவள் அவனிடம் முக்கால் மணி நேரம் பேசினாள்.

தோர்சனிடமும், ஜொலீனிடமும், இதுவரை லவர்னிடமும் நான் சொல்லாதது ஒன்றுதான். அந்தச் சாலையின் பனியை, அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும், இரண்டு பக்கமும், தார் தெரிகிற அளவுக்கு இன்று காலை எட்டு மணிக்குள் நான் தள்ளி முடித்திருந்தேன்.